மயிலை நிறம் தேடிக் கொட்டாம்பட்டிக்கு

காலை ஆறரை மணிக்குச் சிம்மக்கல்லில் பஸ் ஏறியபோது என் கட்டைப்பையில் ஆறு சின்ன பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. ஆறும் சாம்பல் நிறம்தான். வெளுத்த சாம்பலில் தொடங்கி, அடுப்புக்கரியைக் குழைத்தது போன்ற சாம்பல்வரை முந்தின நாள் இரவு உட்கார்ந்து கலந்து வைத்திருந்தேன். அந்த ஆறில் ஒன்று மயிலையாக இருந்தே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

நானும் என் கணவரும் சிம்மக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த வாரத்தில்தான் கிளம்பினேன். “ஒரு மாட்டுக்காகக் கடைய விட்டுட்டுப் போறியாக்கும்?” என்றார் அவர்.

“மாட்டுக்காக இல்ல. நான் கலந்து குடுத்த கலர் ரெண்டு தடவ வேணாம்னு வந்திருக்கு. இத்தன வருசத்துல அப்படி வந்ததுண்டா?”

அவர் கையை நீட்டினார். சாவிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். கொட்டாம்பட்டிக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் அழகுமலை, பாண்டியம்மாள் என்று ஒரு தம்பதி. விவசாயம். அவர்கள் வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளை சின்னான் போன வருஷம் செத்துப்போனது. புதைத்த இடத்தில், தங்கள் வயலோரத்தில், சிமெண்டில் அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள். வருகிற மாட்டுப் பொங்கலன்று காலையில் மாலை போட்டுக் கும்பிட வேண்டும். முதலில் அழகுமலை போன் செய்தார். மயிலைக் கலர் வேண்டும் என்றார். எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, “வெள்ள மாதிரிதான்க்கா, ஆனா வெள்ள இல்ல” என்றார். வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டு எனாமல் கலந்து அனுப்பினேன். அதை அடித்துப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று நாலாம் நாள் பாண்டியம்மாளே கடைக்கு வந்துவிட்டார். அட்டையில் இருந்த நிறங்களை எல்லாம் தடவிப் பார்த்து, மழைமேகம் மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி, “இதுதான் எம் மாடு” என்றார். அதையும் கலந்து கொடுத்தேன். அடித்து முடித்த அன்று இருவரும் தனித்தனியாகப் போன் செய்தார்கள்.

“யாரு வீட்டு மாட்டையோ எங்க காட்டுல நிறுத்திப்புட்டீகளே” என்றார் அழகுமலை.

“அவுக சொன்னதும் இல்லக்கா, நான் காட்டுனதும் இல்ல. கிட்ட வந்திருக்கு, ஆனா இல்ல” என்றார் பாண்டியம்மாள்.

சிலை செய்தவர் மூன்றாம் முறை பிரஷ்ஷைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். காளை உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோக்களை அனுப்பச் சொன்னேன். ஒன்றில் சின்னான் உப்பு மாதிரி வெளுத்திருந்தது. இன்னொன்றில் கறுப்பு. மூன்றாவதில், சாயங்கால வெளிச்சத்தில், மண் நிறம். அகராதியைப் புரட்டினேன். மயிலை என்றால் சாம்பல் நிறம் என்று இருந்தது, மீன் என்றும் இருந்தது. மீனை வைத்துக்கொண்டு மாட்டுக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது. நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மாட்டுத்தாவணியில் மேலூர் டவுன் பஸ் மாறினேன். மாட்டுச் சந்தையால் பெயர் வந்த இடம். இப்போது அங்கே பஸ்களும் பழக்கடைகளும்தான். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். ஒத்தக்கடையில், யானைமலை ஜன்னல் முழுக்க நிறைந்து நிற்கும் இடத்தில், ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தனியார் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறாராம். மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் விடவில்லை. மயிலை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“மயில்லேருந்துதான் வந்திருக்கணும். ஆனா மயிலு நீலமாச்சே. நீல மாடு எங்கயிருக்கு?” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மைன்னா கறுப்பு. அதுலேருந்து வந்ததோன்னு தோணுது. ஆனா எழுத்து வேற. உறுதியாச் சொல்ல மாட்டேன். மத்த பேரெல்லாம் நேராப் புரியுது பாருங்க. செவப்பா இருந்தா செவல, கறுப்பா இருந்தா காரி, திட்டுத் திட்டா இருந்தா மறை. மயிலை மட்டும்தான் ஒளிஞ்சுக்குது” என்றார்.

ஒளிந்துகொள்கிறது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மேலூர் வரும்வரை அவர் மல்லிகைச் சரத்தைச் சரி செய்துகொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மேலூரில் இறங்கியபோது மணி எட்டு ஆகியிருந்தது. மாட்டுப் பொங்கலுக்கான வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மூக்கணாங்கயிறு, சலங்கை, கொம்புக்குப் பூசும் வண்ணம் எல்லாம் தரையில் பரப்பியிருந்தார்கள். கொம்பு வண்ணத்தை என் தொழில் கண்ணோடு பார்த்தேன். சுமார் ரகம். ஒரு வேப்பமரத்தடியில் ஏழெட்டு மாடுகளைக் கட்டி வைத்திருந்தார் ஒரு வியாபாரி. இதில் மயிலை எது என்று கேட்டேன்.

“இந்தா நிக்கிதே, இது மயிலை. அதுவும் மயிலை. மூலையில நிக்கிறது கருமயிலை.”

முதலாவது ஏறக்குறைய வெள்ளை. இரண்டாவது சாம்பல். மூலையில் நின்றதற்குக் கழுத்தும் திமிலும் தொடைகளும் கறுத்து, விலா மட்டும் வெளுத்திருந்தது. என் டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக அவற்றின் முதுகருகே பிடித்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. பொருந்துவது போல இருந்த டப்பாவும் மாடு ஓரடி நகர்ந்ததும் பொருந்தாமல் போயிற்று.

“மாடு வாங்க வந்தீகளா, சேலைக்கு ஜாக்கெட்டு பாக்க வந்தீகளா?” என்றார் வியாபாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் டப்பாவை மூடவில்லை. மூன்று மாடுகளையும் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒன்று மட்டும் புரிந்தது. இது ஒரே நிறமில்லை. ஆனால் இவ்வளவு வித்தியாசமான மூன்று மாடுகளையும் ஒரே பெயரால் கூப்பிடுகிறார்கள் என்றால், மூன்றுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

மேலூரிலிருந்து கொட்டாம்பட்டிக்குத் திருச்சி நெடுஞ்சாலையில் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். இருபது ரூபாய் டிக்கெட். இருபுறமும் நெல் கதிர்விட்டிருந்தது. சில கண்மாய்கள் நிறைந்து, சாலையோரம்வரை தண்ணீர் அலையடித்தது. கொட்டாம்பட்டியில் இறங்கி, அழகுமலை வண்டியில் வந்து அழைத்துப்போகிறேன் என்று சொன்னதை மறுத்துவிட்டு, இரண்டு கிலோமீட்டரையும் நடந்தே போனேன். வழியில் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியது.

பார்த்தது மயிலை. மாட்டையல்ல, பறவையை. அந்தப் பக்கத்து வயல்களில் மயில்கள் கோழி மாதிரி திரிகின்றன. வரப்பில் ஓர் ஆண் மயில் நின்றது. தோகை இன்னும் முழுசாக வளரவில்லை. அதனால் வழக்கமாக நம் கண்ணில் படாத ஒன்று தெரிந்தது. மடித்து வைத்த அதன் இறக்கை. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. வெளிறிய தரையில் நெருக்கமாகக் கறுப்புக் கீற்றுகள். கிட்டத்தில் பார்த்தால் இரண்டு நிறம். நாலு எட்டு பின்னால் போய்ப் பார்த்தேன். சாம்பல்!

அந்த வரப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மயிலின் கழுத்தை நினைத்துக்கொண்டு நீல மாடு எங்கே என்று கேட்கிறோம். மாடு மேய்த்த முதல் ஆள் கழுத்தைப் பார்க்காமல் இறக்கையைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால்? இது என் ஊகம்தான். எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் தூரத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் தண்ணீர் கொடுத்தார் பாண்டியம்மாள். நாற்பது வயதிருக்கும். அழகுமலை அவரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். இருவரும் என்னோடு நன்றாகப் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. “அவுக சாப்ட்டாகளான்னு கேளுங்கக்கா” என்கிறார் மனைவி. இரண்டடி தள்ளி நிற்கும் கணவர், “சாப்ட்டேன்னு சொல்லுங்கக்கா” என்கிறார். நான் இருவருக்கும் நடுவில் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

சிலையைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குத் திமில். நன்றாகவே செய்திருந்தார்கள். என்னுடைய மழைமேக எனாமல் வெயிலில் பளபளவென்று மின்னியது. பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. அது பெயிண்ட் அடித்த கதவு. மாடு இல்லை.

“எப்படிச் செத்துச்சு?” என்று கேட்டேன். அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அழகுமலை வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். பாண்டியம்மாள் சொன்னார். போன வருஷம் பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் தாண்டிப் பிடிபடாமல் ஓடிய சின்னான், கூட்டத்துக்கு மிரண்டு காட்டுப்பக்கம் போய், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் விழுந்துவிட்டது.

“போக வேணாம்னு அன்னிக்கு அம்புட்டு சொன்னேன். கேக்கல. நான் அந்தக் களத்துக்கெல்லாம் போனதே இல்லக்கா. இப்ப வெள்ளயா வேணுமாம். வெள்ளயா அவன் களத்துல நின்னிருப்பான். எனக்கு அந்த மாடு வேணாம். எம் மாடு வேணும்.”

சண்டை பெயிண்டைப் பற்றியது இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. “இந்த ஊர்ல மயிலை மாடு வேற யார்கிட்டயாச்சும் இருக்கா?” என்று கேட்டேன்.

“கண்மாய்க்கு வாங்க. இந்நேரம் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பாக.”

கண்மாய்க்கரையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் காளையை இறக்கிக்கொண்டிருந்தார். கரையில் நின்றபோது அது வெளுத்த மாடு. வெயிலில் கண் கூசியது. தண்ணீருக்குள் நடந்தது. அவர் முதுகில் நீரை வாரி ஊற்றி வைக்கோலால் தேய்த்தார். என் கண்ணெதிரே மாடு கறுத்தது. முதலில் முதுகு, பிறகு விலா, பிறகு தொடை. கரைக்கு ஏறியபோது அது வேறு மாடு. ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். முடி வெள்ளைதான். நனைந்து படிந்ததும் அடியில் இருந்த தோல் தெரிகிறது. தோல் கறுப்பு. மேலூரில் பார்த்த மூன்று மாடுகளுக்கும் பொதுவான விஷயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கறுப்புத் தோலின்மேல் வெள்ளை முடி. முடி அடர்ந்த இடத்தில் வெளுப்பு, முடி கறுத்த திமிலிலும் கழுத்திலும் இருட்டு.

“சின்னானக் குளிப்பாட்டுனது யாரு?” என்று பாண்டியம்மாளைக் கேட்டேன்.

“நாந்தான். கன்னுக்குட்டியா வந்த நாள்லேருந்து.”

“காஞ்சா வெளுத்துருமே?”

“வெளுக்கும், அது எனக்குத் தெரியாதா? ஆனா கண்ண மூடுனா ஈரத்தோடதான்க்கா வந்து நிக்கிறான்.”

எங்களுக்குப் பின்னால் அழகுமலை வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்த முறை என்னிடம் இல்லை, நேராக மனைவியிடம்.

“கெணத்துலேருந்து கிரேன் வச்சுத் தூக்குனப்ப கறுப்பாத்தான் இருந்தான். ஒடம்பெல்லாம் தண்ணி. நீ அதப் பாக்கல. நான் பாத்தேன். தெனம் வயலுக்குப் போறப்ப அந்த நெறத்துல அவன் நின்னா நான் எப்படிப் போவேன்? அதான் வெள்ளன்னு சொன்னேன். களத்துக்காக இல்ல.”

பாண்டியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இதை அவர் கேள்விப்பட்டதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காளையை ஓட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அங்கிருந்தே கடைக்குப் போன் செய்தேன். வெள்ளைச் சிமெண்ட் பெயிண்ட் ஒரு பை, கறுப்பு ஆக்சைடு பொடி, எனாமல் உரிக்கும் ரிமூவர், கம்பி பிரஷ். திருச்சி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னேன்.

“சிமெண்ட் பெயிண்ட்டா?” என்றார் என் கணவர். “மழ பேஞ்சா செவுரு கறுத்துப் போவுதுன்னு கம்ப்ளெயின்ட் வருமே, அதையா?”

“அதேதான். அந்தக் கம்ப்ளெயின்ட்தான் எனக்கு வேணும்.”

பார்சல் மதியம் வந்து சேர்ந்தது. நான் கொண்டுவந்த ஆறு டப்பாக்களையும் மேலூருக்குப் பிறகு திறக்கவே இல்லை. எனாமலின் மேல் சிமெண்ட் பெயிண்ட் நிற்காது. ஆகவே சிலை முழுவதையும் உரிக்க வேண்டும். மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரிமூவர் கையில் பட்டால் எரியும் என்று பாலிதீன் பைகளைக் கையில் சுற்றிக்கொண்டோம். மழைமேகம் உரிந்தது. அதன் அடியில் முதல் வெள்ளை உரிந்தது. காதுமடலின் உட்பக்கம், கொம்பின் அடி, கால் இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. மாலை வெயில் சாய்ந்தபோது தோளுக்குமேல் கையைத் தூக்க முடியவில்லை. “போதும்க்கா” என்றார் அழகுமலை. “வால் இருக்கு” என்றேன். பாண்டியம்மாள் வாலை எடுத்துக்கொண்டார். சிலையைக் கழுவி விட்டோம். இருட்டுவதற்குள் ஆக்சைடு கலந்து கறுப்பை அடித்து முடித்தோம். அப்போது அழகுமலை சிலையைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார். “அது அடித்தோல். நாளைக்கு முடி மொளைக்கும்” என்று மட்டும் சொன்னேன்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். சோறும் கருவாட்டுக் குழம்பும். களைப்பில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

மறுநாள் காலை பனி விலகியதும் வெள்ளையைத் தொடங்கினோம். முழுசாகப் பூசவில்லை. பிரஷ்ஷில் பெயிண்டைத் தொட்டு, அதைச் சாக்கில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் முடி விழுந்திருக்கும் திசையிலேயே கீறினோம். கறுப்பு இடையிடையே தெரிய வேண்டும். விலாவில் நெருக்கமாக, திமிலிலும் கழுத்திலும் தொடையிலும் மிக லேசாக. எந்த இடத்தில் முடி எப்படிச் சுழிக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை அவர்கள் இருவரும்தான் செய்தார்கள். நெற்றிச் சுழிக்கு இருவரும் அடித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் என்றார் அழகுமலை. “உங்களுக்கு எடம், அவனுக்கு வலம். எதுக்க நின்னு பாக்குறீக” என்றார் இவர். நேருக்கு நேரான சண்டை. நடுவில் நான் தேவைப்படவில்லை.

பதினொரு மணி வெயிலில் இருபதடி தள்ளிப்போய்ப் பார்த்தோம். சாம்பல் இல்லை, வெள்ளை இல்லை, கறுப்பும் இல்லை. வயலோரத்தில் ஒரு மயிலைக் காளை நின்றது.

“இதுதான்” என்றார் அழகுமலை.

பாண்டியம்மாள் தலையை ஆட்டினார். ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று பாக்கி இருந்தது. நான் சொன்னேன், “இது சிமெண்ட் சேந்தது. நல்லாப் பிடிக்கணும்னா சாயங்காலத்துலேருந்து நாலு நாளைக்குக் காலையும் மாலையும் தண்ணி ஊத்தணும். செவுத்துக்கு ஊத்துற மாதிரி. அப்புறமும் மழ பேஞ்சாலும் தண்ணி ஊத்துனாலும் கறுக்கும், காஞ்சா வெளுத்துரும். பெயிண்ட் போச்சுன்னு எனக்குப் போன் பண்ணக்கூடாது.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மாலை நாலரைக்கு முதல் குடத்தைத் தூக்கினார். திமிலில் தொடங்கி மெதுவாக ஊற்றினார், மேலிருந்து கீழே, கையால் நீவிவிட்டுக்கொண்டே. தண்ணீர் போன வழியெல்லாம் கறுத்தது. கழுத்து, விலா, முன்னங்கால். கண்மாயிலிருந்து ஏறி வந்த மாடு.

அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினார்.

“எங்க போறீக? நில்லுங்க” என்றார் பாண்டியம்மாள். “அன்னிக்குக் காயல. இன்னிக்குக் காயும். இருந்து பாத்துட்டுப் போங்க.”

அவர் நின்றார். நாங்கள் மூவரும் வரப்பில் உட்கார்ந்தோம். சாய்ந்த வெயிலும் காற்றும் இருந்தன. முதலில் முதுகெலும்பின் மேல் ஒரு கோடு வெளுத்தது. அப்புறம் திமிலின் உச்சி. விலாவில் ஒரு திட்டு வெளுத்து, அது பரந்து இன்னொரு திட்டோடு சேர்ந்தது. அழகுமலை கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுப் பக்கம் மட்டும் ஈரம் மிச்சமிருந்தபோது எழுந்து போய் உள்ளங்கையை அங்கே வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் வண்டியெல்லாம் வேண்டாம், நடந்தே போகிறேன் என்றேன். ஒற்றையடிப் பாதையில் திரும்பும் இடத்தில் பாண்டியம்மாளின் குரல் கேட்டது: “ஏங்க, பின்னங்காலுக்குத் தண்ணி பத்தல. இன்னொரு கொடம் மோந்துட்டு வாங்க.” திரும்பிப் பார்த்தேன். அழகுமலை காலிக் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

மேலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எங்கள் கடையில் எந்த நிறத்துக்கும் ஒரு எண் உண்டு, எண்ணைச் சொன்னால் காஷ்மீரிலும் அதே நிறம் கிடைக்கும். கொட்டாம்பட்டியில் நிறத்தைக் கேட்டால் மாட்டை ஓட்டி வந்து காட்டுகிறார்கள். காட்டும்போது மணி என்ன, வெயிலா மழையா, மாடு குளித்ததா, பார்ப்பவர் யார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் சேர்ந்துகொள்கிறது. மயிலை என்றால் என்ன என்று இனி யாராவது கேட்டால் சாம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்பின் மேல் வெள்ளை, வாருங்கள், நனைத்துக் காட்டுகிறேன் என்பேன்.